தலைப்பெட்டியில் ஒரு கரித்தலை

போன மாதம் இரண்டு பேர் என்னைத் தேடிக்கொண்டு ஓமலூருக்கு வந்தார்கள். பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போடுகிறவர்கள். வெயிலில் வீடு தேடி அலைந்த களைப்பில், என் மனைவி கொடுத்த மோரை இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொன்னார்கள். இப்போதெல்லாம் படம் வரைந்து கொடுத்தால் ஒரே நாளில் துத்தநாகத் தகட்டில் பிளாக் ஆகிவிடுகிறதாம். ஆனால் படம் வெளியான மறுநாளே யாராவது கோபித்துக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். “நிறத்தைச் சொல்லிவிட்டாய், குலத்தைச் சொல்லிவிட்டாய் என்கிறார்கள் ஐயா. உங்கள் காலத்தில் நிம்மதியாகக் கேலி செய்தீர்கள், இல்லையா?” என்று இருவரில் மூத்தவர் கேட்டார்.

நிம்மதியாகத்தான் செய்தோம், மாரப்ப மேஸ்திரி வந்து கெடுக்கிற வரைக்கும் என்றேன். அதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. நான் எழுத்தையும் படத்தையும் மரத்தில் வெட்டிப் பிழைத்தவன். இருந்தாலும் சொல்கிறேன். என் முட்டாள்தனத்தை மற்றவர்கள் சொல்வதைவிட நானே சொன்னால் நன்றாக இருக்கும்.

என் அப்பா ஓமலூர்ச் சந்தையில் கயிறு விற்றவர். எனக்குக் கயிறு திரிக்க வரவில்லை, கரித்துண்டு கிடைத்தால் சுவரெல்லாம் மூஞ்சி வரைந்து அடி வாங்கினேன். அடித்துச் சலித்த அப்பா, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லேபிள் கட்டை செதுக்குகிற ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார். மூக்குப்பொடி டப்பா, தீப்பெட்டி, நாடக நோட்டீஸ் என்று மூன்று வருடம். அங்கே நான் கற்றது இரண்டே விஷயம்: உளியைத் தீட்டுவது, வாயை மூடிக்கொண்டு இருப்பது. இரண்டாவது இன்னும் சரியாக வரவில்லை.

அதன்பிறகுதான் ‘கிலுகிலுப்பை’ வாரப் பத்திரிகையில் சேர்ந்தேன். எட்டுப் பக்கம், வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்கு வரும். அதன் ஆசிரியர், முதலாளி, பிழை திருத்துகிறவர் எல்லாம் நல்லசிவம் ஐயா ஒருவரே. நாமக்கல் பக்கத்தில் காடு தோட்டம் என்று வசதியான குடும்பம். அதையெல்லாம் தம்பியிடம் விட்டுவிட்டு ஊரைச் சிரிக்கவைக்க அச்சாபீஸ் வைத்தவர். அவருடைய உறவுக்காரர்கள் அவருக்கு மந்திரிக்கலாமா என்று ஒரு தடவை கூடிப் பேசினார்களாம். அதையே அவர் பத்திரிகையில் போட்டுச் சிரித்தார்.

அவருடைய கோபத்தைச் சொல்லவேண்டும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும். அவருக்குக் கூடும். சாதாரண நாளில் “ஏனுங்க ராமலிங்கம், கட்டை ஆச்சுங்களா?” என்பார். கொஞ்சம் சினம் ஏறினால், “நீங்க பெரிய மனுசருங்க, உங்களக் கேக்க நமக்கு வாயி இருக்குதுங்களா?” என்பார். அதற்கும் மேலே போய் எழுந்து நின்று கும்பிட்டாரென்றால், அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் வேலுச்சாமி ஒரு ஜமீன்தாரின் பெயரையும் ஒரு காளைமாட்டு விளம்பரத்தையும் ஒரே கட்டத்தில் கோத்துவிட்டார். ஆசிரியர் அவருக்கு மாலை வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

இனி என் வேலை. வெப்பாலை மரத்தை நன்றாக உலர்த்தி, அச்செழுத்தின் உயரத்துக்கே அறுத்து, மேல்முகத்தை இழைத்து வைத்திருப்போம். மெல்லிய எண்ணெய்த் தாளில் படத்தை எடுத்து, தாளைக் குப்புறப் போட்டுத் தேய்த்தால் கட்டையில் படம் இடவலம் மாறி விழும். அப்படி மாறி விழுந்தால்தான் அச்சில் நேராக வரும். பிறகு உளி. வெட்டி எடுத்த இடம் காகிதத்தில் வெள்ளையாக வரும். தொடாமல் விட்ட இடம் மை பிடித்துக் கறுப்பாக வரும். ஆகவே கறுப்புக்கு வேலையே கிடையாது. பாடெல்லாம் வெள்ளைக்குத்தான். இது இந்தக் கதைக்கு முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

வாரம் நான்கு படம் முழுசாக வெட்ட ஒரு ஆளால் முடியாது. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உடம்புகளைத் தனியாகச் செதுக்கி வைத்துக்கொண்டேன். கோட்டுப் போட்ட உடம்பு, வேட்டி கட்டிய உடம்பு, நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு. கழுத்துக்கு மேலே ஒரு சதுரக் குழி. அதில் எந்தத் தலையை வேண்டுமானாலும் செருகலாம். தலைகளையெல்லாம் ஒரு பழைய தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். அதற்குத் தலைப்பெட்டி என்று பெயர். “ராமலிங்கம், அந்தத் துரைத் தலைய எடுத்துக் கோட்டு மேல வெய்ங்க, வக்கீல் தலைய நாற்காலி மேல வெய்ங்க” என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, காய்கறிக்கடையில் கத்தரிக்காய் பொறுக்குவது மாதிரி நான் பொறுக்கி வைப்பேன். அந்த நாட்களில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு, பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போவார்.

அப்படி இருக்கும்போதுதான் மலைமேல் இருந்த காப்பித் தோட்டத் துரைமார்களுக்காக வந்துகொண்டிருந்த ஓர் ஆங்கில வாரத்தாளில் அந்தப் படம் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர், பூங்காவில் துரைமார்களுக்கு மட்டும் என்று போட்டிருந்த நாற்காலிகளில் எல்லாரும் உட்கார அனுமதி வேண்டும் என்று ஒரு மனு கொடுத்திருந்தார்கள். நல்லசிவம் ஐயாவும் அதில் ஒருவர். அந்த ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்திப் படம் போட்டிருந்தார்கள். முகம் பூராவும் கரி. அதில் இரண்டு வெள்ளை முழிக் கண், முகத்தில் பாதிக்கு உதடு, தரையைத் தொடுகிற கை. ‘இதுகளுக்கும் நாற்காலி வேண்டுமாம்’ என்கிற பொருளில் கீழே ஒரு வரி. ஐந்தும் ஒரே முகம்தான். முன்னால் நிற்கிற உருவத்துக்கு மட்டும் மூக்குப் பக்கத்தில் ஒரு மரு வைத்திருந்தார்கள். அந்த மரு நல்லசிவம் ஐயாவுடையது.

அன்றைக்கு அவர் அந்தப் படத்தைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு உட்கார்ந்து ஒரு தலையங்கம் எழுதினார். நாங்கள் செய்கிற காரியத்தைக் கேலி செய்யுங்கள், எங்கள் பேச்சைக் கேலி செய்யுங்கள், பிறந்த நிறத்தைக் கேலி செய்ய நீங்கள் யார் என்று கேட்டிருந்தார். அந்த இதழ் இரண்டாம் தடவை அச்சாயிற்று. வழியில் கண்டவர்களெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தத் தலையங்கத்தின் மேலே நான் வெட்டிய பூ அலங்காரம் இருந்ததல்லவா.

ஆங்கிலத் தாளின் அந்தப் பக்கத்தை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அந்தப் படத்தின் கோடு சுத்தமாக இருந்தது என்பதுதான் காரணம். தொழில்காரன் புத்தி.

ஆறு மாதம் கழித்து நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் அச்சாபீஸ் இருந்த வார்டில் ஆசிரியரின் சிநேகிதர், ஒரு ஜவுளி மண்டிக்காரர், நின்றார். அவரை எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். கடைசி நாளில் மாரப்பன் என்று ஒருவர் நின்றுவிட்டார். வெள்ளைக்கல் சுரங்கத்தில் மேஸ்திரி. கூலிவேலை செய்கிற குடும்பத்தில் பிறந்து, எப்படியோ ஓடு வேய்ந்த வீடு கட்டி வரி கட்டி, அதனால் தேர்தலில் நிற்கக்கூடியவராக ஆகியிருந்தார். பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர் எல்லாத் தெருக் குழாயிலும் வரவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

“நம்ம சிநேகிதருக்கு ஒரு கை குடுக்கோணுமுங்க ராமலிங்கம். நாற்காலி உடம்பு போடுங்க. தலைக்கு ஏதாச்சும் கரித்தலை ஒண்ணு போட்டு உடுங்க” என்றார் ஆசிரியர். கீழே போடவேண்டிய வரியையும் எழுதித் தந்தார்: ‘இவனுக்கும் ஒரு நாற்காலியாம்.’

தலைப்பெட்டியில் கரித்தலை எதுவும் இல்லை. புதன்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. நான் மாரப்பனைப் பார்த்ததுகூடக் கிடையாது. பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்த ஆங்கிலப் படத்தில் முன்னால் நின்ற உருவத்தின் தலையை எடுத்து, அவசரத்தில் எண்ணெய்த் தாள்கூட வைக்காமல், கட்டைமேல் கார்பனைப் போட்டு அப்படியே கோடு இழுத்துவிட்டேன். தாளைக் குப்புறப் போடவில்லை. அச்சில் இடம் வலமாக வந்துவிடும்தான். கேலிப்படத்துக்கு அது ஒரு குறையா? இரண்டு கண், ஒரு உதடு, நாலு பல், மூக்குப் பக்கத்தில் கோட்டில் இருந்த ஒரு பொட்டு, அவ்வளவுதான் வெட்டினேன். மற்றதெல்லாம் கறுப்பு, உளி படவே வேண்டாம். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் ஒரு தலை வெட்டியதில்லை. மாதிரிக்கு எடுத்த புரூப்பை ஆசிரியர் பார்த்துச் சிரித்தார். “கைவேலைன்னா இது கைவேலைங்க” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டும் அந்த இரண்டாவது பாடம் நன்றாக வந்தது.

இதழை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அதை விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, உங்களையே போட்டுக்கிட்டீங்களா?” என்றாள். நான் நல்ல கறுப்பு. இருவரும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், வாசல் பக்கம் இருந்த வேலுச்சாமி எட்டிப் பார்த்து, “ஐயா, யாரோ தொரை வந்திருக்காருங்க” என்றார். நாங்கள் திடுக்கிட்டு எழுந்தோம். வாசலில் தலை, புருவம், மீசை, சட்டை, வேட்டி எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒருவர் நின்றார். சுரங்கத்திலிருந்து நேராக வந்திருந்தார். வெள்ளைக்கல் தூசி. அந்த வெள்ளையின் நடுவே இரண்டு கண் மட்டும் சிரித்தபடி எங்களைப் பார்த்தது.

“வணக்கமுங்க. நாந்தான் மாரப்பன். போன வாரம் உங்க பேப்பர்ல நாற்காலில உக்காந்திருந்தனே, அந்த மாரப்பன்.”

எல்லாருக்கும் நாற்காலி காட்டுகிற ஆசிரியர் அன்றைக்குக் காட்டவில்லை. எனக்கு அது அப்போதே தெரிந்தது. “பத்திரிகைன்னா கேலி இருக்கும்ப்பா. தேர்தல்ல நிக்கிற ஆளுக்குத் தோலு கெட்டியா இருக்கோணும்” என்றார்.

“தோலு கெட்டிதானுங்க, சாமி. கல்லு வெட்டுற தோலு. நான் சண்டைக்கு வரலீங்க. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன்.” மடியிலிருந்து மடித்த தாள்கள் இரண்டை எடுத்தார். ஒன்று எங்கள் இதழ். இன்னொன்று அந்த ஆங்கிலத் தாள். சுரங்க ஆபீசில் பழைய தாளில்தான் இவருக்குப் பலகாரம் கட்டித் தருவார்களாம். “எனக்கு ஒரே மகளுங்க, அங்கம்மா. பன்னண்டு வயசு. நம்ம பக்கத்துல பள்ளிக்கூடம் போற பொட்டப்புள்ள அது ஒண்ணுதான். வெள்ளிக்கெழமை அது உக்கார்ற பெஞ்சுல யாரோ இந்தப் படத்த ஒட்டி வெச்சிட்டாங்க. ஊட்டுக்கு வந்து, ‘அப்பா, இது நீயா’ன்னு கேட்டுது. இல்ல சாமின்னேன். ‘பின்னே யாரு’ன்னு கேட்டுது. எனக்குச் சொல்லத் தெரியல. அது யாருன்னு சொன்னாத்தான் பள்ளிக்கூடம் போவேன்னு ஒக்காந்திருக்குது. நேத்தும் போவல, இன்னிக்கும் போவல.”

ஆசிரியர் மேஜைமேல் கிடந்த புரூப்புகளை அடுக்க ஆரம்பித்தார்.

“காலையில பலகாரத்தப் பிரிச்சேன். இந்தத் தாளு. உங்க பேப்பரும் கையில இருந்துச்சு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தப்போ ஒரே மாதிரி தெரிஞ்சுது. ஆனா இது இந்தப் பக்கம் பாக்குது, அது அந்தப் பக்கம் பாக்குது. ரெண்டையும் மொகத்துக்கு மொகம் சேத்து வெயில்ல புடிச்சேனுங்க.” சொன்னபடியே ஜன்னல் பக்கம் போய், இரண்டு தாளையும் முகத்தோடு முகம் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

கண்மேல் கண் விழுந்தது. உதட்டின்மேல் உதடு. மருவின்மேல் மரு. ஒரு மயிரிழை விலகவில்லை. நான் அவ்வளவு சுத்தமாகத் திருடியிருந்தேன்.

“எனக்கு மரு இல்லீங்களே” என்றார் மாரப்ப மேஸ்திரி. பிறகு ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “எம்புள்ளைகிட்ட இது யாருன்னு சொல்லட்டுமுங்க?”

வேலை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். கயிற்றுக் கடையை நினைத்துக்கொண்டேன். ஆசிரியர் ஜன்னலுக்குப் போய், தாள்களை வாங்கித் தானே ஒரு தடவை சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஒரு விரல் அவரையறியாமல் மூக்குப் பக்கம் போய் மருவைத் தொட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பி, “உங்க கைவேலைன்னீங்களே, ராமலிங்கம்” என்றார்.

“நீங்கதான் சொன்னீங்க” என்றேன். பயத்தில் உளறியதுதான். ஆனால் அது உண்மையும்கூட.

மேஸ்திரி குறுக்கே வந்தார். “அவரெ ஒண்ணும் சொல்லாதீங்க. ஊர்ல இல்லாததையா அவரு வெட்டிட்டாரு?”

ஆசிரியர் ஜன்னலோரம் நின்றபடியே இருந்தார். நான் அந்தக் கும்பிடுக்காகக் காத்திருந்தேன். கும்பிட்டார். எனக்கில்லை, மேஸ்திரிக்கு. “ராமலிங்கம் சொன்னது நெசமுங்க. கரித்தலை போடச் சொன்னது நாந்தான். அந்தத் தொரை என்னச் சொன்னப்ப எனக்கு வலிச்சுது. அதே வார்த்தைய நான் உங்களுக்குச் சொன்னப்ப சிரிப்பு வந்துது. நான் என்ன மனுசன். உக்காருங்க, மேஸ்திரி” என்று தன்னுடைய நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் அதுவரை வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. மேஸ்திரி உட்கார்ந்தார். அந்த நாற்காலியின் பச்சைத் துணியில் பதிந்த வெள்ளைத் தூசி ரொம்ப நாள் போகவில்லை. ஆசிரியர் துடைக்கவும் விடவில்லை.

“மன்னிப்பு எழுதறேனுங்க, முதல் பக்கத்துல” என்றார்.

“அது உங்க இஷ்டமுங்க. எனக்கு வேண்டியது வேற” என்றார் மேஸ்திரி. “இந்த வாரமும் என்னக் கேலி பண்ணுங்க. உட்டுட்டீங்கன்னா, பாவம்னு உட்டுட்டாங்கன்னு பேசுவாங்க. மண்டிக்காரரக் கேலி பண்ணுற மாதிரி பண்ணுங்க. ஆனா எம் மொகத்தப் போட்டுப் பண்ணுங்க. எங்கிட்ட இருக்கிற கொறையச் சொல்லிப் பண்ணுங்க. எம்மவ பாத்துட்டு, ‘ஆமா, இது எங்கப்பன்தான்’னு சொல்லோணும்.”

ஆசிரியரின் மீசை அசைந்தது. “உங்ககிட்ட என்னங்க கொறை?”

“பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேனுங்க. தண்ணிக்குழாயப் பத்தி நேத்துப் பேசி முடிக்கறதுக்குள்ள பாதிப்பேரு சாப்பிடப் போயிட்டாங்க” என்றார். அதிலிருந்து ஏரித் தண்ணீர், குழாய், குழாய்க்கு வேண்டிய இரும்பு என்று ஆரம்பித்துவிட்டார். வேலுச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஆசிரியர், பிறகு நான். மேஸ்திரிக்கே அப்போதுதான் புரிந்து, அவரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவர்மேலிருந்து வெள்ளைத் தூசி கொட்டியது.

மேஸ்திரி தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்து காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார். நான் வரைந்தேன். என் வேலையில் முதல் தடவையாக ஒரு கறுப்பு முகத்தை நேராகப் பார்த்து வரைகிறேன். நெற்றி ஒரு கறுப்பு, கன்னம் ஒரு கறுப்பு. கழுத்து வேறு. மூக்கின் ஓரத்தில் ஜன்னல் வெளிச்சம் நின்றது. சிரித்தால் கண்ணுக்குக் கீழே ஏழெட்டு ரேகை வந்து போயிற்று. நான் என் முகத்தையே கண்ணாடியில் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது. சிரிக்கிறவர்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டதால், கரித்தலையில் என் நிறமும் இருக்கிறது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. என் மனைவி சொன்னபோதாவது ஏறியிருக்கவேண்டும்.

அந்தத் தலையை வெட்ட எனக்கு அன்றைக்கு மீதிப் பொழுதும் மறுநாள் முழுவதும் வேண்டியிருந்தது. கறுப்புக்கு வேலை கிடையாது என்று சொன்னேனே, அது பொய். வேலை செய்யாதவன் சொல்கிற பேச்சு அது. அந்த நெற்றியை மட்டும் வெட்ட, தலைமயிர் கனத்தில் நூற்றுக்கணக்கான கோடு இழுத்தேன். ஒரு கோடு ஆழமானால் வெள்ளைத் தழும்பாகிவிடும், ஆழம் குறைந்தால் மையில் மூழ்கிவிடும். உளியை மூன்று தடவை தீட்டினேன். சோறு சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, காப்பி வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை இதழ் வந்தது. தெருக்குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. பக்கத்தில் மாரப்ப மேஸ்திரி கையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். குழாயடியில் வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, குழாயை விட்டுவிட்டுக் குடத்தை அவருடைய வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ‘இதாவது நிற்காமல் வருகிறதே’ என்று கீழே வரி. முதல் பக்கத்தில் ஆசிரியரின் மன்னிப்பு. அதன் பக்கத்தில் அந்தக் கரித்தலை, ‘போன வாரம் நாங்கள் வெளியிட்ட இந்த முகம் மேஸ்திரியுடையது அன்று, மலைமேல் இருக்கிறவர்கள் வரைந்த உங்கள் ஆசிரியருடையது’ என்ற வரியோடு.

வெள்ளிக்கிழமை அங்கம்மா பள்ளிக்கூடம் போனாள். பைக்குள் எங்கள் இதழ் இரண்டு. ஒன்று வகுப்புக்கு, ஒன்று வாத்தியாரம்மாவுக்கு. இதை மேஸ்திரியே வந்து சொல்லிவிட்டுப் போனார். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை தேர்தல் நடந்தது, அவர் ஜெயித்துவிட்டார். குடத்தோடு ஓட்டுப் போட வந்தவர்கள்கூட உண்டு என்று வேலுச்சாமி சொன்னார். வேலுச்சாமி சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கவேண்டும். மண்டிக்காரர் ஆசிரியரிடம் இரண்டு வருடம் பேசவில்லை.

அதிலிருந்து அச்சாபீசில் ஒரு வழக்கம் வந்தது. யாருடைய மூக்கையோ, பல்லையோ, நிறத்தையோ வைத்துக் கேலி செய்யவேண்டும் என்று தோன்றினால், அதை முதலில் ஆசிரியர் முகத்தில் வைத்து வெட்டி, புரூப் எடுத்து, சுவரில் ஒட்டவேண்டும். ஒரு பகல் அது அங்கே இருக்கும். அவர் பார்த்துச் சிரித்தால் இதழுக்குப் போகும். முகம் சுருங்கினால் கிழித்துவிடுவோம். ஒரு துரைக்குப் பன்றி மூக்கு வைக்கலாம் என்று நினைத்து ஆசிரியருக்கு வைத்தோம். அவர் சிரித்துவிட்டார். மத்தியானம் சோறு கொண்டுவந்த அவருடைய மனைவி அதைப் பார்த்து அழுதுவிட்டார். “தொரைக்கும் ஊட்ல ஆளு இருக்குமுங்க, ராமலிங்கம்” என்று சொல்லி ஆசிரியரே அதைக் கிழித்தார். அந்தத் துரைக்குத் தன்னுடைய நாய்க்குட்டியைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. அதைப் போட்டோம். துரையே இரண்டு பிரதி வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். சுவர் நிறைய ஆசிரியரின் முகம். தொப்பையோடு ஒன்று, ஓணான் கழுத்தோடு ஒன்று. புதிதாக வருகிறவர்கள் அவர் தற்பெருமைக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கரித்தலைக் கட்டையை அவர் தலைப்பெட்டியில் போடவிடவில்லை. தன் மேஜையில் தாள் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார்.

ஆறேழு வருடம் கழித்து மேஸ்திரி, அதாவது கவுன்சிலர், மகளுக்குக் கல்யாணம் வைத்தார். பத்திரிகை எங்களிடம்தான் அச்சாயிற்று. பிள்ளையார் சுழிக்கு அடியில் அந்தக் குடம் பிடிக்கிற கட்டையைப் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது மணப்பெண். கல்யாணப் பத்திரிகையில் கேலிப்படம் எங்கே போடுவது என்று ஆசிரியர் தலையைச் சொறிந்தார். கடைசியில் பின்பக்கத்தில் போட்டோம்.

எல்லாரும் போனோம். நல்லசிவம் ஐயா பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்காக நாமக்கல்லில் அவருக்கு மறுபடியும் மந்திரிக்கக் கூட்டம் கூடியதாகக் கேள்வி. சாப்பிட்டு முடிந்ததும் மேஸ்திரி வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்தார். நன்றியில் ஆரம்பித்து ஏரிக்குப் போனார், ஏரியிலிருந்து குழாய்க்கு வந்தார். மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெரியவர்கள் சங்கடமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லசிவம் ஐயா கை கழுவ வைத்திருந்த பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு நேராக நடந்துபோய், மேஸ்திரியின் தாடைக்குக் கீழே பிடித்தபடி நின்றார்.

இலை எடுக்கிறவர்கள் எடுத்த இலையோடு நின்றுவிட்டார்கள். ஒரு காலத்தில் ‘இவனுக்கும் ஒரு நாற்காலியாம்’ என்று போட்ட மனிதர், இத்தனை ஜனத்தின் முன்னால், மேஸ்திரியின் பந்தலிலேயே அவரைக் கேலி செய்கிறாரே என்று நானே பாதி எழுந்துவிட்டேன். மேஸ்திரி பேச்சை நிறுத்தி, குனிந்து சொம்பைப் பார்த்தார். அப்போது மணவறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கம்மா. தாலி கட்டிய கழுத்தோடு, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.